காலை ஏழு மணி இடி: பொத்தோங் கடை கியர்பாக்ஸோடு நாலு வருஷம்

போன வாரம் சுங்கை பட்டாணியிலிருந்து மச்சான் போன் போட்டார். அவருடைய புரோட்டான் வீரா காரில் ஆட்டோ கியர் வழுக்க ஆரம்பித்துவிட்டதாம். பொத்தோங் கடையைப் பற்றி, அதாவது பழைய கார்களை வெட்டிப் பாகங்களை விற்கும் கடையைப் பற்றி, கேட்டார்.

"மாப்ள, உங்க வாஜாவுக்கு பொத்தோங் கடையில ஒரு கியர்பாக்ஸ் எடுத்துப் போட்டீங்களே, அது இன்னும் ஓடுதா?"

"ஓடுது மச்சான். ஒரு நாள்கூட ரோட்டுல நிக்க விட்டதில்ல."

"அப்ப நானும் ஒண்ணு எடுத்துடவா?"

"வேணாம்."

யோசிக்காமல் வந்த பதில். போனை வைத்த பிறகும் அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. நன்றாக ஓடுகிறது என்பதும் உண்மை, வேணாம் என்றதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை போனில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கார் அப்பாவுடைய புரோட்டான் வாஜா. 2003-இல் எடுத்த 1.6 ஆட்டோ. வாஜா என்றால் மலாயில் எஃகு. அப்பா அந்தப் பெயருக்காகவே எடுத்தேன் என்பார். கியர் எண்ணெய் மாற்றிய தேதியை ஒரு சின்ன நோட்டில் எழுதி டேஷ்போர்டில் வைத்திருப்பார். அவர் போன பிறகு அந்த நோட்டில் யாரும் எழுதவில்லை. எஞ்சின் எண்ணெயை மட்டும் ஒழுங்காக மாற்றினேன், கியர்பாக்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய கியர்பாக்ஸ் செத்ததற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

2021 நவம்பர். பிறையிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகும் வழியில், பினாங்குப் பாலத்தின் நடுவில் கேபிள் கட்டியிருக்கும் அந்த ஏற்றத்தில், ஆர்பிஎம் முள் திடீரென்று நாலாயிரத்துக்கு ஏறியது. எஞ்சின் கத்துகிறது, கார் போகவில்லை. பின்னால் லாரி. ஆக்ஸிலேட்டரை விட்டு மெதுவாக மறுபடி மிதித்ததும் ஒரு குலுக்கலோடு பிடித்தது. அதன் பிறகு மூணாவது கியரைத் தவிர வேறு எதுவும் விழவில்லை. கம்ப்யூட்டர் தப்பு கண்டுபிடித்தால் இந்த மிட்சுபிஷி பாக்ஸ் மூணாவதில் பூட்டிக்கொள்ளும். வீட்டுக்காவது ஊர்ந்து போகட்டும் என்று செய்து வைத்திருக்கிறார்கள். அப்படித்தான் நானும் ஊர்ந்து வந்தேன்.

பட்டறையில் கியர்பாக்ஸின் பேனைக் (எண்ணெய்த் தட்டு) கழற்றியபோது எண்ணெய் கறுப்பு. கருகிய வாடை. உள்ளே தூளைப் பிடிக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது எல்லா கியர்பாக்ஸிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். என்னுடையதில் சின்னச் சின்னத் தகடாக மின்னியது. பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்கு 2,800 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். பொத்தோங் கடையில் எடுத்தால் பழையதைக் கொடுத்துவிட்டு 950, கூலி 450, எண்ணெய் தனி. கார் விற்றாலே நாலாயிரம் தேறுமா என்ற நிலையில் யாரும் எடுக்கும் முடிவைத்தான் நானும் எடுத்தேன்.

புதிதாகத் தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். "வாஜா ஆட்டோ கியர்பாக்ஸ்" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனால் சிக்கல். முதலில் வந்த வாஜாக்களில் மிட்சுபிஷியின் 4ஜி18 எஞ்சின். 2006-க்குப் பிறகு புரோட்டானின் சொந்த கேம்ப்ரோ எஞ்சின். 1.8 வண்டியில் இருப்பது ரெனோ எஞ்சின். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு வேறு. எஞ்சின் எது என்று சொல்லிக் கேளுங்கள், பழைய பாக்ஸில் குத்தியிருக்கும் நம்பரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். காரின் பதிவுப் பத்திரமான கிராண்டில் எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும்தான் இருக்கும். எஞ்சின் மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) வரை போக வேண்டியிருக்கும், கியர்பாக்ஸுக்கு அந்த அலைச்சல் இல்லை.

நான் எடுத்தது புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு கடையில். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப்கட் இல்லை, உள்ளூரில் பின்பக்கம் அடிவாங்கிய வெள்ளி நிற வாஜா. பின்னால் அடிபட்ட வண்டி என்றால் எனக்கு ஒரு நிம்மதி. முன்னால் மோதியிருந்தால் கியர்பாக்ஸ் கூட்டில் விரிசல் இருக்கலாம், மவுண்டிங் இழுபட்டிருக்கலாம். பாக்ஸ் இன்னும் வண்டியிலேயே இருந்தது. தௌக்கே (கடை முதலாளி) பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். நியூட்ரலிலிருந்து ரிவர்ஸ் போட்டேன், "ஒண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் பிடித்தது. டிரைவும் அப்படியே. எண்ணெய் அளவு பார்க்கும் ஸ்டிக்கை உருவி வெள்ளை டிஷ்யூவில் வைத்தேன். எண்ணெய் கொஞ்சம் மங்கல், ஆனால் சிவப்பு தெரிந்தது, கருகல் வாடை இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். மனைவிக்கு அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் "கிடைச்சிருச்சு" என்று அனுப்பினேன்.

அன்றைக்கு ஒன்றைக் கவனித்தேன், கவனித்தும் விட்டுவிட்டேன். ஸ்டிக்கை உருவ பானெட்டுக்குள் கை விட்டபோது எஞ்சின் நல்ல சூடு. ரெண்டு நிமிஷத்தில் அந்தச் சூடு வராது. நான் வருவதற்கு முன்பே யாரோ வெகுநேரம் ஓட விட்டிருக்கிறார்கள். மெலிந்துபோன பேட்டரியை ஏற்றவும் ஓட விட்டிருக்கலாம், மனசாட்சியோடு சொன்னால் அதற்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் அந்தப் பாக்ஸ் எப்படி கியர் மாற்றுகிறது என்று பார்க்கும் ஒரே வாய்ப்பு அன்று காலையோடு போய்விட்டது.

மாட்டும் வேலை ஒன்றரை நாள். இந்தப் பாக்ஸுக்கு உரிய எஸ்பி-3 கியர் எண்ணெய் நானே வாங்கிக் கொடுத்தேன். கிடைத்த ஏடிஎஃப்பை (ஆட்டோ கியர் எண்ணெய்) ஊற்றினால் இந்தப் பாக்ஸ் நடுங்கும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் மூலம் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும் புதுப் பாக்ஸோடு வந்ததையே போட்டார்கள், பழையதில் பழைய அழுக்கு நிறைந்திருக்கும். பம்ப் சீல், ஆக்சில் சீல் மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். இதுவரை அந்தப் பட்டறைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கை சுத்தம், பேச்சு மரியாதை.

மூணாவது வாரம். காலை ஏழு மணி, கார் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி முனையில் திரும்பியதும், ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ காலால் உதைத்த மாதிரி ஒரு இடி. பட்டறைக்காரர்கள் ஹெந்தாக் என்பார்களே, அது. கப் ஹோல்டரில் இருந்த தேத்தண்ணி தளும்பி என் சட்டையில் விழுந்தது. அடுத்த கியரில் இல்லை. பத்து நிமிஷம் ஓடி எண்ணெய் சூடான பிறகு அன்று முழுக்க இல்லை. மறுநாள் காலை மறுபடி.

வாரண்டி முப்பது நாள். இருபத்து மூணாவது நாள் கடைக்குப் போனேன். போய்ச் சேர்வதற்குள் எண்ணெய் சூடாகிவிட்டது, ஓட்டிக் காட்டினால் வெண்ணெய் மாதிரி போகிறது. "எல்லா கியரும் விழுதே அண்ணே" என்றார்கள். அதுவும் பொய்யில்லை. வாரண்டி என்பது பாக்ஸுக்கு மட்டும். கழற்றும் கூலி, மாட்டும் கூலி, எண்ணெய் எல்லாம் என் கணக்கு. அறுநூறுக்கு மேல் செலவு செய்து, வேறு ஒரு தெரியாத பாக்ஸை வாங்கிக்கொள்ளலாம். இதை வாரண்டி என்று சொல்வதே எனக்கு ஒப்பவில்லை.

செபராங் ஜெயாவில் ஒரு வயதான போமனிடம் (மெக்கானிக்) நண்பர் அழைத்துப் போனார். அவர் பாக்ஸைத் தொடவே இல்லை. "கூலர் லைனைக் கழுவினாங்களா?" என்று முதலில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள்தான் கியர் எண்ணெயைக் குளிரவைக்கும் கூலர் இருக்கிறது. பாக்ஸிலிருந்து ரெண்டு ஹோஸ் அங்கே போய் வரும். பாக்ஸ் மாற்றினாலும் அந்தக் கூலர் பழையதுதான். பழைய பாக்ஸ் அரைத்துத் தள்ளிய தூள் அங்கே தங்கியிருக்கும். கழுவாமல் புது எண்ணெயை ஓட விட்டால் அந்தத் தூள் நேராகப் புதுப் பாக்ஸுக்குள் போகும்.

ஒரு ஹோஸைக் கழற்றி அதன் வாயில் காலி மைலோ டப்பாவைப் பிடித்தார். மற்ற ஹோஸில் கம்ப்ரசர் காற்று கொடுத்தார். முதலில் நான் மூணு வாரத்துக்கு முன் வாங்கிய சிவப்பு எண்ணெய் கொஞ்சம் வந்தது. பிறகு ஒரு இருமல். அதோடு கிச்சாப் (சோயா சாஸ்) மாதிரி கெட்டியாக, கறுப்பாக ஒன்று டப்பாவில் விழுந்தது. அவர் விரலால் தொட்டு வெயிலில் காட்டினார். மின்னியது. பழைய பாக்ஸின் காந்தத்தில் பார்த்த அதே மினுக்கு.

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கழுவ எவ்வளவு நேரம்? அந்தப் பெரியவருக்கு அரை மணி நேரம் ஆனது, ஐம்பது வெள்ளி வாங்கினார். ஒன்றரை நாள் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியவர்களுக்கு அந்த அரை மணி நேரம் தோன்றவில்லை. வேண்டுமென்று விட்டார்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் இந்தத் தொழிலில் தெரியாமல் விட்டோம் என்பதும் ஒரு பதில் இல்லை.

அதன் பிறகு புது ரேடியேட்டர் 260 வெள்ளி. எண்ணெய் ரெண்டு தடவை மாற்றினோம், ஏனென்றால் ட்ரெயின் போல்ட்டைத் திறந்தால் ஏறக்குறைய பாதிதான் இறங்கும், மிச்சம் கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும். பேட்டரியைக் கழற்றி கம்ப்யூட்டர் பழைய பழக்கத்தை மறக்கட்டும் என்று ஒரு இரவு விட்டுப் பார்த்தோம். இடி பாதியாகக் குறைந்தது. போகவில்லை. பெரியவர் சொன்ன காரணம்: உள்ளே ஒரு வால்வு, எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது தயங்குகிறது, பிறகு ஒரேயடியாகப் பிடிக்கிறது. "தூள் போய் உட்கார்ந்ததாவும் இருக்கலாம், வரும்போதே இருந்ததாவும் இருக்கலாம் தம்பி. நான் கூடப் பொறக்கல அதோட." முதல் ரெண்டு வாரம் இடி இல்லவே இல்லை என்று என்னாலும் சத்தியம் செய்ய முடியாது. புதுப் பாக்ஸ் வந்த சந்தோஷத்தில் சின்ன இடியை நான் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

இப்போது பாக்ஸுக்கு நியாயம் சொல்லியாக வேண்டும். இந்த நாலு வருஷத்தில் 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினம் பாலம், தினம் ஜாம். டுரியான் பருவத்தில் பாயா தெருபோங்கிலிருந்து ஜாலான் துன் சார்டோன் வளைவுகளில் ஏறி பாலிக் பூலாவ் போயிருக்கிறோம், ஐந்து பேரும் பின்னால் இரண்டு கூடைப் பழமுமாகத் திரும்பியிருக்கிறோம். ஒரு தடவை வழுக்கவில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை பக்கம் மூணு மணி நேரம் முதல் கியரிலேயே ஊர்ந்தது, எண்ணெய் கருகவில்லை. அம்மாவை நடு இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இதே பாக்ஸ்தான். அன்று எஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது, முனையில் திரும்பியதும் இடித்தது. அம்மா வலியில் முனகினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அதன் பிறகு எந்த அவசரமாக இருந்தாலும் முனை திரும்பும் முன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்துவிடுவேன். இடி மெத்தென்று விழும். இப்போது அது காலுக்கே பழகிவிட்டது. வேறு யார் காரை ஓட்டினாலும் அந்த இடத்தில் என் வலது கால் தானாக எழும்புகிறது.

எல்லாச் செலவையும் கூட்டினால் 2,300 வெள்ளிக்குப் பக்கம் வருகிறது. ஓவர்ஹாலை விட ஐந்நூறுதான் குறைவு. ஐந்நூறு வெள்ளி மிச்சம் பிடித்து, நாலு வருஷம் ஒவ்வொரு காலையும் அந்த முனையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். பணக் கணக்கில் பாக்ஸ் ஜெயித்தது, நம்பகத்திலும் ஜெயித்தது. ஆனாலும் இன்னொரு தடவை வாங்குவாயா என்று கேட்டால், மாட்டேன். என் பாக்ஸை நானே பிரித்துப் பார்த்து, என் கண் முன்னால் புது கிளட்ச் தட்டு போட்டு, என்ன உள்ளே இருக்கிறது என்று தெரிந்து ஓட்ட வேண்டும். மச்சானிடம் வேணாம் என்று சொல்ல வைத்தது அந்த ஆசைதான்.

மச்சான் கேட்கவில்லை. நேற்று மறுபடி போன். முந்நூறு வெள்ளி முன்பணம் கட்டிவிட்டாராம், வீரா பாக்ஸ், வண்டியிலேயே இருக்கிறதாம். திட்டி என்ன ஆகப்போகிறது. சனிக்கிழமை நானும் கூடப் போகிறேன். அவருடைய போமனிடம் கூலர் கழுவும் காசை இப்போதே தனியாகக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். கடைக்கு நாங்கள் வரும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். கடை திறக்கும்போதே போய் நிற்க வேண்டும், பசியாறுவதெல்லாம் அப்புறம். போனதும் முதல் வேலை பானெட்டைத் திறந்து எஞ்சினில் கை வைப்பது. சூடாக இருந்தால் ஸ்டார்ட் பண்ணவே விடமாட்டேன், ஆறும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்போம்.