அம்மாவின் முழங்காலும் ஒரே கூரையின் கீழ் நான்கு வைத்தியர்களும்

ஆரையம்பதியில் இருக்கும் மச்சான் நேற்றிரவு அழைத்தார். அவருக்குத் தோள்மூட்டு வலி. அம்மாவைக் காட்டுகிற இடம் எப்படி, அங்கே எந்த எலும்பு வைத்தியரைச் சனல் செய்யலாம், அதாவது காசு கட்டி இலக்கம் எடுத்துப் பார்க்கலாம் என்று கேட்டார். இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மட்டக்களப்பு நகரில் உள்ள அந்தத் தனியார் நிலையத்துக்கு மூன்று வருடமாக அம்மாவைக் கூட்டிப் போய் வருகிறேன். எழுதியே விடுகிறேன்.

அம்மா இருப்பது மண்டூரில். வாவியைக் கடக்கும் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, முச்சக்கரவண்டியில் பிரதான வீதிக்குப் போய், பிறகு பஸ் பிடிக்கவேண்டும். வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் பஸ் படியில் ஏறுவதைப் பார்த்தால் வயிறு எரியும். ஊரில் முறிவு நெரிவு வைத்தியரின் எண்ணெயும் கட்டும் சில மாதம் ஆறுதல் தந்தன. அதற்குப் பிறகுதான் நகரத்துக்கு வந்தோம்.

நிலையத்தின் பலகையில் நான்கு எலும்பு வைத்தியர்களின் பெயர்கள் இருந்தன. நால்வரும் சேர்ந்து இயங்குகிறார்கள், ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார் என்று நம்பினேன். இலண்டனில் தங்கை போகும் குடும்ப வைத்தியர் நிலையம் அப்படித்தான். அங்கே எந்த வைத்தியரிடம் போனாலும் அவளுடைய பழைய பதிவு அவர் முன்னால் இருக்கும். இங்கே ஒவ்வொருவரும் அரச வைத்தியசாலைக் கடமை முடிந்து, தத்தம் நாளில் தனியாக வந்து அமர்கிறார். பற்றுச்சீட்டிலேயே வைத்தியர் கட்டணம் வேறு, நிலையக் கட்டணம் வேறு. அந்த நிலையக் கட்டணத்துக்கு அறையும் இலக்கமும் கதிரையும் கிடைக்கின்றன. அம்மாவின் வருத்தத்தின் கதையை எழுதிவைக்க மட்டும் அங்கே யாரும் இல்லை.

இந்த ஒன்றைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. முதல் வைத்தியர் முழங்கால் எக்ஸ்றேயைப் பார்த்துத் தேய்மானம் என்றார், மாத்திரையும் பயிற்சியும் தந்தார். எட்டு மாதத்தில் அவருக்கு இடமாற்றம். இரண்டாமவரிடம் முதலிலிருந்து சொன்னோம். அவரும் அதே படத்தைத் தூக்கிப் பார்த்து, அதே மாத்திரையை எழுதினார். மூன்றாமவரிடமும் அதுதான் நடந்தது. வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு சொல்ல முடியும்?

நான்காமவர் படத்தைக் கையில் வாங்கவில்லை. “அம்மா, கதவுவரை நடந்து திரும்பி வாருங்கள்” என்றார். பிறகு கட்டிலில் படுக்கவைத்து, வலது காலை மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். அம்மா “ஐயோ மகன்” என்று கத்தினார். கை முழங்காலுக்குப் போகவில்லை, தொடை மடிப்பைப் பிடித்தது. “வலி முழங்காலில் தெரிகிறது, வருத்தம் இடுப்பு மூட்டில் இருக்கிறது” என்றார் வைத்தியர். இரண்டு மூட்டுக்கும் பொதுவான நரம்புகள் போவதால் இப்படி இடம் மாறித் தெரியுமாம். இடுப்பை எக்ஸ்றே எடுத்தோம். அவர் சொன்னதே சரி. அம்மா வலது கையில் ஊன்றிய கோலை இடது கையில் பிடிக்கச் சொன்னார். நோகும் இடுப்புக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் கோல் இருக்கவேண்டுமாம். அன்று அம்மா என் தோளைப் பிடிக்காமல் படி இறங்கினார். அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நிலையத்தைப் பற்றி நல்லதும் சொல்லவேண்டும். இலக்கம் தரும் பிள்ளை அம்மாவைக் கண்டதும் மின்விசிறிக்குக் கீழே கதிரை போடுவாள். இடம் துப்புரவு. ஆனால் முழங்காலுக்குப் பயிற்சி செய்து வீணான மாதங்களை அந்தக் கதிரை திருப்பித் தராது.

அரச கிளினிக்கில் காசு இல்லை, கூட்டம் அதிகம். ஆனாலும் அங்கே கையில் ஒரு கொப்பி தருவார்கள், ஒவ்வொரு தடவையும் அதில் எழுதுவார்கள். அதைப் பார்த்து நானும் நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று வாங்கினேன். திகதி, மாத்திரை, வலி எங்கே, எப்போது என்று எழுதி, வைத்தியரின் மேசையில் விரித்து வைக்கிறேன். இப்போது அதைத்தான் முதலில் வாசிக்கிறார்.

மச்சான், வைத்தியர் பதிவுபெற்ற நிபுணரா என்பதை இலங்கை மருத்துவ சபையின் இணையப் பதிவேட்டில் பாருங்கள். தனியார் நிலையங்களைப் பதிவதற்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பதிவு உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். காலையில் கைவிரல்கள் விறைத்து, பல மூட்டுகள் வீங்கினால் வாத நோய் நிபுணரிடம் போங்கள், எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அல்ல.

அந்த நான்காம் வைத்தியரைவிட நல்லவரை நான் கண்டதில்லை. ஆனாலும் அந்த நிலையத்துக்கு உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. அவருடைய அரச கிளினிக்குக்கே விடியற்காலையில் போங்கள். யாரிடம் போனாலும் கழுத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், கழுத்து வருத்தமும் தோளில் வலியாகத் தெரியும். சட்டையைக் கழற்றச் சொல்லாமல் தோளுக்கு மருந்து எழுதுகிறவரிடம் இரண்டாம் முறை போகவேண்டாம்.