வேலணைத் தண்ணிக்கு எந்த மிதி?

மச்சானுக்குப் போன வருசம் ஒரு வீடியோ அனுப்பினேன். பிரிஸ்பேனுக்கு வடக்கே, பிரைபி தீவுக்கும் கரைக்கும் இடையில், சிநேகிதனின் கயாக்கில், அதாவது ஒடுங்கின சின்னப் படகில், காலால் மிதித்தபடி நான் தூண்டில் போடுகிற வீடியோ. அதோடு ஆளுக்கு நித்திரை போய்விட்டது. "மச்சான், அதில ஒண்டு வேலணைக்கு அனுப்பேலாதோ?" அவர் இருப்பது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான வேலணையில். தங்கச்சியின் புருஷன் கேட்டால் மறுக்க முடியுமா? இந்த ஆடி மாதம் ஊருக்குப் போனபோது, எதை வாங்குவது, எப்படி அனுப்புவது என்று பார்த்துவருவதும் பயணத்தில் ஒரு வேலையாகச் சேர்ந்துகொண்டது.

மிதிகயாக்கில் பெரிதாக இரண்டு வகை. ஒன்று ஹோபி என்ற கம்பனி 1997இல் கொண்டுவந்தது. அடியில் இரண்டு செட்டைகள், பென்குயின் நீந்துகிற மாதிரி இடம் வலமாக அடிக்கும். மற்றது ஓல்ட் டவுன் போன்ற கம்பனிகள் விற்கிற காத்தாடி வகை. சைக்கிள் போலச் சுற்றி மிதிக்க, அடியில் காத்தாடி சுழலும். ஓல்ட் டவுன்காரரின் மிதியில் கால் ஒரு சுற்றுச் சுற்றினால் காத்தாடி பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றும். பின்னுக்கு மிதித்தால் அந்த நிமிடமே பின்னுக்குப் போகும். செட்டை வகையில் பழையவற்றில் மிதியைக் கழற்றித் திருப்பிப் போடாமல் பின்னுக்குப் போக முடியாது. பிறகு வந்தவற்றில் பலதில் கயிற்றை இழுத்துச் செட்டையைத் திருப்ப வேண்டும். மீன் இழுத்துக்கொண்டு ஓடுகிற நேரத்தில் கயிறு தேடுவது எரிச்சல்தான். பிரிஸ்பேனில் நின்று யோசித்தபோது காத்தாடிதான் என்று கிட்டத்தட்ட முடிவே எடுத்திருந்தேன்.

ஊரில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தது என் முதல் பிழை. நல்லூர்த் திருவிழாக் காலம். யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பதே பெரிய பாடு. தண்ணீர் ஓரமாக இருந்த ஒரு விடுதி 'பெடல் கயாக் உண்டு' என்று விளம்பரம் போட்டிருந்தது. தொலைபேசியில் கேட்டேன். "ஓம் சேர், புதுசு" என்றார்கள். போய்ப் பார்த்தால் கரையில் கட்டிக் கிடந்தது வெள்ளை அன்னம். கழுத்து வளைத்து, கண்ணுக்கு மை வைத்து, நாலு பேர் இருந்து மிதிக்கிற அன்னப் படகு! பொறுப்பாக நின்ற பெடியன் உண்மையிலேயே குழம்பிப்போனான். "இதுவும் பெடல்தானே அண்ணா?" அவனோடு என்ன சண்டை பிடிக்கிறது? முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. மச்சானின் மகள் மட்டும் அரைமணி நேரம் சந்தோசமாக மிதித்தாள்.

உருப்படியான சேவை கிடைத்தது வேறு இடத்தில். மச்சானுக்குத் தெரிந்த ஒரு கடற்றொழிலாளி அண்ணை, அறுபது வயதிருக்கும், தன் வள்ளத்தில் விடிய ஐந்து மணிக்கு ஏற்றிக்கொண்டு போனார். காசு தந்தாலும் வாங்கமாட்டேன் என்று நின்றவர், எண்ணெய்க்கு மட்டும் வாங்கினார். பண்ணைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சத் தூரம் போனதும் எஞ்சினை நிறுத்தித் தூக்கிவிட்டார். கம்பு ஊன்றித் தள்ளத் தொடங்கினார். நான் எட்டிப் பார்த்தேன். கீழே ஒரே சாதாளை, கடற்புல். பாய் விரித்த மாதிரி.

"இதுக்குள்ள எஞ்சின் விட்டா காத்தாடியில சுத்திப்போடும் தம்பி. பிறகு குனிஞ்சு கத்தியால வெட்டிக்கொண்டு இருக்கவேணும்."

பிரைபி தீவுப் பக்கமும் கடற்புல் உண்டு. ஆவுளியா என்கிற கடற்பசு மேய்கிற இடம் அது. ஆனால் அங்கே ஆழமான ஓடையைப் பிடித்துப் போய்விடலாம். இங்கே ஓடையைக் காண்பதே அபூர்வம். கோடையில் பல இடங்களில் முழங்காலளவு தண்ணீர்தான். செட்டையிலும் சாதாளை சிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது சுற்றாது. ஒரு மிதியை முழுக்க முன்னுக்குத் தள்ளி வைத்தால் இரண்டு செட்டையும் படகின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துவிடும், சிக்கினதும் பெரும்பாலும் கழன்றுவிடும். தண்ணீர் குறைந்த இடத்தில் சின்னச் சின்னதாக மிதித்துக் கடக்கலாம். காத்தாடி என்றால் அதை அப்படியே மேலே தூக்கிவிட்டுச் சவளை, அதாவது துடுப்பை, எடுக்கத்தான் வேண்டும்.

அண்ணைக்குப் படம் காட்டி விளக்கினேன். முதலில் சிரித்தார். "கம்பு இருக்கேக்க காலால என்னத்துக்கு மிதிக்கிறாய்?" கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே கேட்டார்: "அப்ப கை ரெண்டும் சும்மா இருக்குமோ?" ஓம் என்றேன். ஒன்றும் பேசாமல் இன்னொருமுறை படத்தை வாங்கிப் பார்த்தார். கையை விடுவிக்கத்தான் இவ்வளவு யந்திரமும் என்பதை எந்த விற்பனைக்காரனும் எனக்கு இப்படி விளங்கப்படுத்தியதில்லை.

அடுத்த நாள் குருநகர்ப் பக்கம் பைபர் படகு திருத்துகிற ஒரு பட்டறை. உடைந்த அணியத்தை, படகின் முன்பக்கத்தை, ரெசினும் பைபர் பாயும் வைத்து ஒட்டி, தேய்த்து, எங்கே உடைந்தது என்றே தெரியாமல் தந்துவிடுகிற கைகள். ஆனால் கயாக் பைபர் இல்லை. பொலித்தீன் இனத்து பிளாஸ்டிக். அதில் அந்த ரெசின் பிடிக்காது, உரிந்து வந்துவிடும். சூடாக்கி, அதே பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்ட வேண்டும். பட்டறைக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப தண்ணித் தாங்கி ஒட்டுறவனைப் பிடியுங்கோ." சரியான ஆள்! வீட்டுக் கூரையில் இருக்கிற கறுப்புத் தாங்கியும் கயாக்கும் அச்சை உருட்டி வார்க்கிற ஒரே முறையில் செய்தவைதான். உடம்பு உடைந்தால் ஊரில் வழி உண்டு. மிதி உடைந்தால் இல்லை. காத்தாடி வகையின் பற்சக்கரப் பெட்டி மூடிக் கிடப்பது, திறக்க மச்சானுக்குத் துணிவு வராது. செட்டை வகையில் சங்கிலியும் கம்பியும் கண்ணுக்குத் தெரிகிறது. உப்புத் தண்ணீரால் வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சரி. மாற்றுக் கம்பியும் செட்டையும் ஒரு சோடி கூடவே அனுப்பிவிடலாம்.

அனுப்புவதுதான் இன்னும் முடியாத கதை. செட்டை வகையில் ஒன்றான ஹோபி அவுட்பேக் 12 அடி 9 அங்குலம்; சாமான் பெட்டிக்குள் அடங்காது. பெட்டி அனுப்புகிற இடங்கள் மூன்றில் கேட்டேன். ஒருவர் வீட்டுச் சாமான் என்றார், ஒருவர் விளையாட்டுப் பொருள் என்றார், மூன்றாமவர் படகு என்றார். வரி மூவருக்கும் மூன்று. எழுத்தில் தாருங்கள் என்றேன், ஒருவரும் தரவில்லை.

செட்டைதான் என்று முடிவு. வாங்க முதல், மாரி வந்து தண்ணீர் ஏறினால் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும்படி மச்சானிடம் ஒரு கம்பில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். கிழமைக்கு ஒரு படம் அனுப்புகிறார். நேற்று வந்ததில் தண்ணீர் இரண்டாம் கோட்டுக்கு ஒரு சாண் கீழே. கம்பு முழுக்கச் சாதாளை. பின்னால் அந்த அண்ணையும் நிற்கிறார், எப்போது வரும் என்று கேட்கச் சொன்னாராம்.