விக்டோரியா நீர்வீழ்ச்சி பேக்கேஜ்: பணம் கட்டும் முன் மாதத்தையும் கரையையும் கேளுங்கள்

விக்டோரியா நீர்வீழ்ச்சி ஜாம்பேசி ஆற்றில், ஜாம்பியா-ஜிம்பாப்வே எல்லையில் விழுகிறது; ஒரு கரை ஜாம்பியா, மறு கரை ஜிம்பாப்வே. இந்தப் பயணத்தை விற்பவர்கள் பெரும்பாலும் பச்சைப் பொய் சொல்வதில்லை. எந்த மாதம், எந்தக் கரை என்ற இரண்டை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். பணம் போவது அந்த இடத்தில்தான்.

அக்டோபருக்கு ஜாம்பியா பக்கத்து ஊரான லிவிங்ஸ்டனில் அறை போட்டுத் தந்து, "அருவி பக்கத்திலேயே இருக்கு" என்பார்கள். உண்மைதான். ஆனால் ஜாம்பியா பக்கத்துக் கிழக்குப் பகுதி அக்டோபர், நவம்பரில் கிட்டத்தட்ட வெறும் கரும்பாறை. 1,708 மீட்டர் அகலமுள்ள அருவியில் வறண்ட மாதங்களிலும் வற்றாமல் விழுவது டெவில்ஸ் கேட்டராக்ட், மெயின் ஃபால்ஸ் என்ற இரு பகுதிகள். அவற்றை நேர் எதிரே நின்று பார்க்க ஜிம்பாப்வே பக்கம் போக வேண்டும்.

ஏப்ரலில் கதை தலைகீழ். "மழை முடிஞ்சிருச்சு, தெளிவா தெரியும்" என்று விற்பார்கள். அந்த ஊரில் மழை நவம்பர் முதல் மார்ச் வரைதான், அதுவும் சரி. ஆனால் அங்கோலாவிலும் வடமேற்கு ஜாம்பியாவிலும் பெய்த நீர் பரோட்சே சமவெளியில் பரந்து, மெல்ல நகர்ந்து வந்து சேர்வதால், ஜாம்பேசியில் வெள்ளம் உச்சம் தொடுவதே ஏப்ரல் வாக்கில்தான். அப்போது அருவிக்கு எதிரே நிற்பவருக்குக் கிடைப்பது சத்தமும் சாரலும். அருவி தெரிவது காற்று விலக்கும்போது மட்டும். உள்ளூரில் 'மோசி-ஓவா-துன்யா', அதாவது முழங்கும் புகை என்று சும்மா பெயர் வைக்கவில்லை. ஹெலிகாப்டருக்குச் செலவு செய்வதென்றால் இந்த மாதங்களில் செய்யுங்கள். பறப்பது 12, 13 நிமிடம்தான். பூங்காக் கட்டணம் விலையில் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

அதிகம் ஏமாறும் இடம் டெவில்ஸ் பூல், அருவி விளிம்பிலேயே உள்ள இயற்கைக் குளம். விளிம்பில் படுத்திருக்கும் அந்தப் புகைப்படத்தை வருடம் முழுக்க விளம்பரத்தில் போடுவார்கள். குளம் திறந்திருப்பதோ ஏறக்குறைய ஆகஸ்ட் நடு முதல் ஜனவரி நடு வரை, அதுவும் நீர்மட்டம் விட்டால். இருப்பது ஜாம்பியா பக்கம்; லிவிங்ஸ்டன் தீவுக்குப் படகில் போய் அங்கிருந்து இறங்க வேண்டும். ஜிம்பாப்வேயில் தங்குபவருக்கு எல்லை தாண்டும் விசா செலவு தனியாக வரலாம். மே மாதத்துக்கு முன்பதிவு வாங்கிக்கொண்டு, போன பிறகு "தண்ணி அதிகம்" என்று கைவிரித்தால், அது இயற்கைச் சீற்றம் இல்லை. விற்கும்போதே தெரிந்த விஷயம். நீர் குறைந்த மாதங்களில் பூங்காவுக்குள் சிலர் வந்து, பாறை மேல் நடத்தியே கூட்டிப்போகிறேன், பாதி விலை என்பார்கள். அனுமதி இல்லாத வழி அது. கால் வழுக்கினால் கீழே 100 மீட்டருக்கு மேல். பேரம் பேசுகிற இடமா அது?

ஆற்றுச் சுழிப்புகளில் ரப்பர் படகில் போகும் ராஃப்டிங்கும் இப்படித்தான். நீர் குறைந்த காலத்தில் அருவியின் அடியில் இருந்தே தொடங்குவார்கள். நீர் கூடினால் முதல் பத்து சுழிப்புகளை விட்டுவிட்டுக் கீழிருந்து தொடங்குவார்கள். வெள்ள உச்சத்தில் மூடியே விடுவார்கள். பாதித் தூரத்துக்கு முழு விலை கேட்கிறார்களா என்று தெரிய, எத்தனையாவது சுழிப்பில் (ரேபிட்) படகை இறக்குவீர்கள் என்ற ஒரு கேள்வி போதும்.

"விசா உட்பட" என்றால் எந்த விசா என்று கேளுங்கள். ஒருமுறை நுழையும் விசா எடுத்துத் தந்தால், எதிர்க்கரை போய்த் திரும்பும்போது மறுபடி கட்ட வேண்டிவரும். இரு நாட்டுக்கும் சேர்ந்த காசா யூனிவிசா 50 டாலர், 30 நாள். அதை வைத்துக் கசுங்குலா எல்லைச் சாவடி வழியாக போட்ஸ்வானாவுக்குப் பகலில் போய்வரலாம். அங்கே இரவு தங்கினால் கணக்கு மாறிவிடும். அருவிக்குக் கீழே இரு நாட்டையும் இணைக்கும் பாலத்தை மட்டும் பார்க்க ஜிம்பாப்வே குடிநுழைவில் தரும் சீட்டுக்குக் காசில்லை. அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் நடையைக் கட்டுங்கள்.

போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவுக்கான "முழுநாள்" சஃபாரியில் எல்லை வரிசையும் சாலையும் பல மணி நேரத்தைத் தின்றுவிடும். காலையில் படகு, மதியம் ஜீப், மூன்றரை நான்குக்குள் கிளம்பியாக வேண்டும். விலங்குகள் ஆற்றங்கரைக்கு இறங்கும் மாலைப்பொழுது உங்களுக்கு இல்லை. காட்டுக்காகவே போகிறவர்கள் பூங்கா வாசலில் உள்ள கசானே ஊரில் ஒரு இரவு தங்குவது மேல். அதற்கு போட்ஸ்வானா விசாவை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

டாலரை 1, 5, 10 தாள்களாகக் கொண்டுபோங்கள். கிழிந்ததையும் பழைய வரிசைத் தாள்களையும் வாங்க மறுப்பார்கள். பெரிய தாள் நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள், அல்லது 2024-இல் வந்த ஜிம்பாப்வேயின் ஜிக் பணத்தைக் கையில் திணிப்பார்கள். அது நாடு தாண்டினால் வெறும் காகிதம். தெருவில் விற்கும் பழைய லட்சம் கோடி ஜிம்பாப்வே டாலர் நோட்டுகளும் நினைவுப்பொருள்தான். 2015-இல் அவற்றைத் திரும்பப் பெற்றபோது ஒரு அமெரிக்க டாலருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது 35-க்குப் பின்னால் 15 சுழியம்.