அரசு மருத்துவமனையா, சமூகமே நடத்தும் நிலையமா?

ஆஸ்திரேலியாவில் ஒரு பழங்குடித் தாய், காய்ச்சலில் துவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

அரசு மருத்துவமனையில் பெரிய கருவிகள் உண்டு, சிறப்பு மருத்துவர்கள் உண்டு. அறுவை சிகிச்சை என்றால் அங்கேதான் போயாக வேண்டும். ஆனால் 1970கள் வரை பழங்குடி மக்களின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனதும் அரசுதான். அந்தப் பயம் லேசில் போகாது.

1971-ல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பழங்குடி மக்களே தங்களுக்கென ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார்கள். இன்று நாடு முழுக்க இப்படி 140க்கும் மேற்பட்ட அமைப்புகள். நிர்வாகக் குழுவை அந்தந்தச் சமூகத்தாரே தேர்ந்தெடுக்கிறார்கள். வர முடியாதவர்களை வண்டி அனுப்பிக் கூட்டி வரும் நிலையங்கள் பல. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் காங்கிரஸ் என்ற பழங்குடி மருத்துவ அமைப்பு, அலுகுரா என்று பெண்களுக்கே தனி இடம் வைத்திருக்கிறது. கர்ப்பகால கவனிப்பில் பாட்டிமார் வழிவந்த நெறிக்கும் அங்கே மதிப்புண்டு. இது எந்தக் கருவியாலும் வராத நிம்மதி.

குறை இல்லையா? உண்டு. வரவேற்பு மேசையில் சொந்தக்காரரே உட்கார்ந்திருந்தால் சில நோய்களைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். அப்புறம் பணம்: பெரும்பகுதி அரசு மானியம்தான், அதுவும் பல நேரம் குறுகிய காலத்துக்கே. என் ஓட்டு சமூக நிலையத்துக்கே. அந்த மானியத்தை நீண்ட காலத்துக்கு உறுதிசெய்வது அரசின் கடமை.