பூச்சிக்குத் தன் கால் இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது: மூன்று உணரிகள், ஒரு கல்லூரி ஆய்வகம்

தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் விலங்கியல் திட்டப்பணிக்குப் பூச்சியின் தன்னிலை உணர்வை எடுத்துக்கொள்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றும் ஒரே வேலையைச் செய்வதாக நினைத்துக்கொண்டு இறங்கினால் முதல் வாரமே குழப்பம். ஓசூர் ஆலையில் ரோபோக் கையைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் எளிதில் பிடிபடும்: மூட்டின் கோணத்துக்கு என்கோடர், தாங்கும் சுமைக்கு ஸ்ட்ரெயின் கேஜ், எல்லை தாண்டாமலிருக்க லிமிட் சுவிட்ச். பூச்சியின் காலில் இவை முறையே கார்டோடோனல் உறுப்பு, கேம்பனிஃபார்ம் உணரி, மயிர்த்தட்டு.

புகழெல்லாம் கார்டோடோனலுக்குத்தான். ஃபீமருக்குள் (காலின் தொடைப் பகுதி) இருக்கும் நரம்புச் செல் கொத்து ஒன்று, மெல்லிய நாண் வழியாக டிபியாவோடு (முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி) கட்டப்பட்டிருக்கிறது. முழங்கால் மடங்கி விரியும்போது நாணின் இழுவிசை மாறுகிறது. வெட்டுக்கிளியின் பின்னங்காலில் இப்படிச் சுமார் 90 செல்கள், குச்சிப்பூச்சியில் சுமார் 500, டிரோசோஃபிலா என்னும் ஆய்வகப் பழ ஈயில் சுமார் 150. டிரோசோஃபிலாவில் இவற்றின் வேலைப் பிரிவினையை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது: ஒரு கூட்டம் கோணத்தைச் சொல்கிறது, ஒன்று அசைவின் திசையை, இன்னொன்று எந்தத் திசை அசைவையும் அதிர்வையும். இந்த நாணின் செல்வாக்கு எவ்வளவு என்பதற்குக் குச்சிப்பூச்சியே சாட்சி. நாணை அறுவை செய்து மூட்டின் எதிர்ப்பக்கத்தோடு இணைத்தால் மடக்கியது நீட்டியதாகவும் நீட்டியது மடக்கியதாகவும் பதிவாகும். பூச்சி நடக்கும்போது அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் சல்யூட் அடிப்பதுபோல் தூக்கிப் பிடிக்கும். கிரஹாமும் பாஸ்லரும் 1981இல் இதை விவரித்தார்கள்.

படிக்க அருமையான உறுப்பு. முதல் திட்டப்பணிக்கு மட்டும் வேண்டாம். குச்சிப்பூச்சியில் நாண் 0.1 மி.மீ. நகர்ந்தாலே சுமார் 20 பாகை கோண மாற்றத்துக்குச் சமம். கையால் பிடித்த ஊசியில் அந்தத் துல்லியம் வராது. ஊசியை நுண்ணளவில் நகர்த்தும் மைக்ரோமேனிப்புலேட்டரும், நாணை அளந்து அசைக்கும் கருவியும் தேவை. கேழ்வரகுக் கொல்லை வரப்பில் பிடித்த வெட்டுக்கிளியில் இன்னொரு பொறி: பின்னங்காலில் இந்த உறுப்பு ஃபீமரின் முழங்கால் முனையில் இருக்கிறது, முன், நடுக் கால்களிலோ உடலை ஒட்டிய முனையில். எந்தக் கால் என்று பார்க்காமல் திறந்தால் தசைதான் கிடைக்கும்.

கேம்பனிஃபார்ம் உணரி காலின் ஓட்டிலேயே பதிந்த சிறு நீள்வட்டக் குவிமாடம். ஓடு வளையும்போது மூடி அமுங்கி, அடியிலுள்ள நரம்பு துடிக்கும். பிரிங்கிள் 1938இல் கரப்பான் காலில் இதைக் காட்டினார். டிபியாவின் மேற்புறத்தில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இரு கூட்டங்கள்: ஒன்றின் மூடிகள் காலுக்குக் குறுக்காக, மற்றதன் மூடிகள் நெடுக்காக. டிபியாவை மேல்நோக்கி வளைத்தால் முதலாவது பேசும், கீழ்நோக்கி வளைத்தால் இரண்டாவது. உடல் எடை காலை அழுத்திக்கொண்டிருக்கும் வரை அந்தக் காலைத் தூக்கும் கட்டளையைத் தடுத்துவைப்பதில் இந்த உணரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கோணம் மட்டும் தெரிந்தால் நடக்க முடியாது என்பது இங்கேதான் விளங்கும்.

செய்முறை: கரப்பானைப் பனிக்கட்டி நீரில் அசைவு நிற்கும்வரை வைத்து, பின்னங்காலைக் காக்ஸாவோடு (உடலை ஒட்டிய அடிக் கண்டம்) வெட்டுங்கள். இளம் பூச்சியானால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் கால் மீண்டும் வளர்ந்துவிடும். நரம்புத் துடிப்பைப் பதிய ஓர் ஊசி காக்ஸாவில், இன்னொன்று ஃபீமரின் மேல்முனையில். சுமார் 1000 மடங்கு பெருக்கும் டிஃபரென்ஷியல் ஆம்பிளிஃபையர், 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வடிகட்டி, ஒரு ஸ்பீக்கர் போதும். பாத நுனியை வெட்டிவிடுங்கள், அங்குள்ள மயிர்கள் தொந்தரவு. அடுத்த படிதான் முக்கியம்: முழங்காலைச் சுமார் 90 பாகையில் மெழுகால் அசையாமல் பிடித்துவையுங்கள். கோணம் மாறாவிட்டால் கார்டோடோனலின் குரலும் பெரும்பாலும் மாறாமல் பின்னணியில் நிற்கும். பிறகு டிபியா நுனியைத் தள்ளும்போது கேட்பது பெரும்பாலும் சுமையின் குரல். தொட்டதும் வெடித்து உடனே அடங்கினால் அது முள்ளின் தொடு உணரி. அழுத்திப் பிடித்திருக்கும் வரை தொடர்ந்து, மெல்லக் குறைந்தால் கேம்பனிஃபார்ம்.

கெடுவது எங்கே? ஒட்டுவதற்கு ஃபெவிகுவிக் விட்டால் அது டிபியா மேல் பரவி ஓட்டை விறைக்க வைக்கும். வளையாத ஓட்டில் உணரி ஊமை. ஏப்ரல் வெயிலில் வெட்டுமுனை சீக்கிரம் காயும், துடிப்புகள் தேயும், வாஸ்லின் பூசுங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள்.

மயிர்த்தட்டுக்கு மின்கருவியே வேண்டாம். மூட்டு மடங்கும்போது எதிர்ப்புற ஓட்டின் மடிப்பு சாய்க்கும் குட்டி மயிர் வரிசை அது. கரப்பானின் ட்ரோகாண்டரில் (காக்ஸாவுக்கும் ஃபீமருக்கும் இடையிலுள்ள சிறு கண்டம்) உள்ள தட்டை நீக்கினால் கால் அளவுக்கு மீறி முன்னே வந்து தனக்கு முன்னுள்ள காலில் இடிக்கிறது என்று வாங், பியர்சன் 1976இல் காட்டினார்கள். சவரப் பிளேடின் சில்லால் மயிரைச் சிரைத்து, மொபைலில் நொடிக்கு 240 சட்டகம் வைத்துக் கண்ணாடித் தரையில் கீழிருந்து படமெடுக்கலாம். கரப்பான் பயந்து ஓடினால் நொடிக்கு 25 அடி வரை வைக்கும்; அப்போது ஓர் அடிக்குப் பத்துச் சட்டகம்கூடத் தேறாது. மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் மெதுவாக நடக்கவிடுங்கள். ஒப்பீட்டுக்கு, இன்னொரு பூச்சியில் தட்டைவிட்டுப் பக்கத்து மயிர்களை மட்டும் சிரைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் கால் இடிப்பது மயிர் போனதாலா, பிளேடு பட்ட காயத்தாலா என்று வழிகாட்டி கேட்கும்போது பதில் இருக்காது.

கேம்பனிஃபார்மில் தொடங்கி, நேரம் மீந்தால் மயிர்த்தட்டுக்குப் போவதே எங்கள் பரிந்துரை. காவேரிப்பட்டணம் மாந்தோப்பில் மெத்தில் யூஜினால் என்னும் ஈர்ப்புப் பொருள் வைத்த பொறியில் விழும் ஈக்களை டிரோசோஃபிலாவாக எண்ணிக் கார்டோடோனல் திட்டம் எழுதுபவர்களும் உண்டு. அவை வேறு குடும்பத்தைச் சேர்ந்த பழ ஈக்கள். 2018 ஆய்வுக்கு அடித்தளமே மரபணு மாற்றிய டிரோசோஃபிலா. அந்தப் பொறி ஈயில் அதைத் திரும்பச் செய்ய முடியாது.