சிம்வாஸ்குலருடன் மூன்று வருடம்: சால்வரைவிட வரைவதுதான் வேலை

இதயத் தமனிகளில் ரத்த ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட மூன்று வருடமாக சிம்வாஸ்குலரைத்தான் பயன்படுத்துகிறேன். திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது. சிடி படத்தை ஏற்றி, தமனியின் நடுக்கோட்டைப் பிடித்து, குறுக்குவெட்டுகளை வரைந்து, மெஷ் (குழாயைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) போட்டு, சால்வரை (ஓட்டத்தைக் கணக்கிடும் நிரலை) ஓட்டுவது வரை எல்லாம் அதற்குள்ளேயே முடியும். முடிவைப் படமாகப் பார்க்க மட்டும் பாராவியூ என்ற வேறொரு மென்பொருள்.

முதல் மாதமே சூடு பட்டேன். கிளை முனைகளில் வெறும் எதிர்ப்பை மட்டும் கொடுத்து ஓட்டினேன். நீலமும் சிவப்புமாகப் படம் கண்ணைப் பறித்தது. கூட வேலை செய்யும் இதய மருத்துவர் ஓட்ட வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில், "இது கைக்குப் போற ரத்தம் மாதிரில்ல இருக்கு?" என்றார். இதயம் சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் குழாய்களைத் தானே நெரிக்கும். அதனால் இடது தமனியில் ரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும்போதுதான் பாயும். என் வரைபடத்தில் உச்சம் சுருங்கும் நேரத்தில் நின்றது. தசை அழுத்தத்தையும் கணக்கில் எடுக்கும் 'கொரோனரி' எல்லை நிபந்தனை (குழாய் முனைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று சால்வருக்குச் சொல்வது) மெனுவிலேயே இருந்தது, நான்தான் தொடவில்லை.

ஆரோக்கியமான தமனி தொல்லை தராது. கிளை பிரியும் இடத்தின் வெளிப்பக்கத்தில் சுவரை உரசும் விசை குறையும். கொழுப்பு படியத் தொடங்குவதும் அங்கேதான் என்பதால் மெஷ்ஷை அங்கே மட்டும் நுணுக்குவேன்.

அடைப்பு இருந்தால்தான் தலைவலி. சிடியில் ஒரு பிக்சல் சுமார் 0.5 மி.மீ. 1.5 மி.மீ. குழாயைக் கை தவறி 1 மி.மீ. என்று வரைந்தால், விட்டம் குறையக் குறைய எதிர்ப்பு அதன் நான்காம் அடுக்கில் ஏறுவதால், அந்த இடத்தில் ஐந்து மடங்காகிவிடும். கால்சியம் வேறு படத்தில் ஊதிப்போய்த் தெரியும். எஃப்எஃப்ஆர் (அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தத்தை அதற்கு முன் உள்ள அழுத்தத்தால் வகுத்த எண்) 0.80-க்கு மேலா கீழா என்பதை வைத்து ஸ்டென்ட் பற்றிய பேச்சே மாறும். எனவே அடைப்பை வேறு வேறு நாளில் இரண்டு முறை வரைந்து இரண்டையும் ஓட்டுகிறேன். முடிவுகள் 0.80-க்கு இரு பக்கமும் விழுந்தால் இரண்டு எண்களையும் அப்படியே கொடுத்துவிடுவேன்.

நான்கைந்து இதயத்துடிப்பு ஓட்டி, கடைசித் துடிப்பை மட்டும் எடுக்கவேண்டும்; ஆரம்பத் துடிப்புகள் குப்பை. அசையும் சுவரை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். நேரம்தான் கூடியது, எஃப்எஃப்ஆர் அசையவில்லை. அதன்பின் அந்தப் பக்கம் போகவில்லை.