ஜார்ஜியாவின் ஏழு வாரக் குடும்பப் பயிற்சி: மரபணு ஆய்வு சொல்வதும் சொல்லாததும்

'ஸ்ட்ராங் ஆப்பிரிக்கன் அமெரிக்கன் ஃபேமிலீஸ்' என்பது, பிள்ளைகள் இளம்பருவத்தில் ஆபத்தான பழக்கங்களில் இறங்காமல் தடுக்கும் பயிற்சித் திட்டம்; அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கிராமப்புறக் கறுப்பினக் குடும்பங்களுக்காக, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜீன் பிராடி, வெல்மா மெக்பிரைட் மர்ரி ஆகியோரின் குழு வடிவமைத்தது. வாரம் ஒரு முறை, 7 வாரங்கள். முதல் ஒரு மணி நேரம் பெற்றோரும் 11 வயதை ஒட்டிய பிள்ளைகளும் தனித்தனியே பயில, அடுத்த ஒரு மணி நேரம் இரு தரப்பும் சேர்ந்து பயில்கின்றன. பிள்ளையின் நடமாட்டத்தைக் கவனிப்பது, வீட்டு விதிகளைத் தெளிவுபடுத்துவது, மது, பாலுறவு பற்றித் தயங்காமல் பேசுவது ஆகியவற்றோடு, இனவெறியை எதிர்கொள்ளும் விதமும் பாடமாக இருக்கிறது. பொதுவான பெற்றோர் பயிற்சிகள் பலவும் தொடாத இந்தக் கடைசிப் பகுதிக்காகவே திட்டத்தைப் பாராட்டலாம்.

திட்டத்தின் பெயரை மரபியல் உலகுக்குக் கொண்டுசென்றது 2009-இல் வெளியான ஆய்வு. செரோட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருளைக் கடத்தும் புரதத்துக்கான மரபணுவின் (செரோட்டோனின் கடத்தி மரபணு) குறுகிய வடிவத்தைக் கொண்ட பிள்ளைகளில், பயிற்சி பெறாதவர்கள், பயிற்சி பெற்றவர்களைப் போல இரு மடங்கு வேகத்தில் மது, போதை, பாலுறவு போன்ற ஆபத்தான பழக்கங்களைத் தொடங்கினர். அவ்வடிவம் இல்லாதவர்களிடம் இவ்வேறுபாடு தென்படவில்லை. பெற்றோர் வளர்ப்பையும் தருகிறார்கள், மரபணுவையும் தருகிறார்கள் என்பதால் இரண்டின் விளைவையும் பிரித்தறிவது வழக்கமாகக் கடினம். இங்கே யாருக்குப் பயிற்சி என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்ததால் அச்சிக்கல் பெருமளவு நீங்கியது. ஆய்வின் உண்மையான அழகு அதுதான்.

எனினும், இதைக் காட்டி எச்சில் மாதிரியில் மரபணுவைச் சோதித்து, குறுகிய வடிவம் உள்ள பிள்ளைகளை மட்டும் பயிற்சியில் சேர்க்கலாம் என்று யாரேனும் சொன்னால் ஏற்க மாட்டேன். ஒற்றை மரபணுவை வைத்து நடத்தையை விளக்கும் முறையே ஆட்டம் கண்டிருக்கிறது: மனச்சோர்வுடன் தொடர்புபடுத்தப்பட்டு வந்த 18 மரபணுக்களை, செரோட்டோனின் கடத்தி உட்பட, லட்சக்கணக்கானோரின் தரவுகளில் சோதித்த 2019 ஆய்வு, அவை தற்செயலாகத் தேர்ந்தெடுத்த மரபணுக்களைவிட மேலானவையல்ல என்று கண்டது. மனச்சோர்வு வேறு, இளம்பருவப் பழக்கங்கள் வேறு என்பது உண்மையே. ஆயினும் 14 மணி நேரப் பயிற்சியை ஒரு பிள்ளைக்கு மறுப்பதற்கு இத்தகைய சான்று போதாது. (சோதனைச் சீட்டோடு பிள்ளைமேல் ஒட்டிக்கொள்ளும் பெயரை யார் அழிப்பது?)

சராசரிப் பலன் சிறிதாகத் தெரியும் ஒரு திட்டத்தை நிதி நிறுத்தி மூடிவிடாமல், அதற்குள் மிகுதியாகப் பயன்பெறும் பிள்ளைகள் இருக்கக்கூடும் என்று தேடிப் பார்க்கத் தூண்டும் அளவிலேயே இந்த மரபணு முடிவை மதிக்கிறேன். பயிற்சிக்குத் தயங்காமல் பரிந்துரை தருவேன். சோதனைக்கு இப்போதைக்குத் தரமாட்டேன்.